நல்வாழ்வை அளக்க எந்தக் கோல்? பிரிட்டன், பூட்டான், நியூசிலாந்து ஆகிய மூன்றின் வழிகளும் ஒரு மாநிலத்தின் தேர்வும்

தமிழ்நாட்டைப் பற்றிய மூன்று எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவை ஒரே மாநிலத்தைப் பற்றியவைதாமா என்ற ஐயம் எழும். 2024-25ஆம் நிதியாண்டில் மாநிலத்தின் உண்மைப் பொருளாதார வளர்ச்சி, அதாவது விலைவாசி உயர்வைக் கழித்த வளர்ச்சி, 11.19 விழுக்காடு. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் உள்ள இல்லாமைகளை எண்ணும் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, 2019-21ஆம் ஆண்டுக் கணக்கில், மாநிலத்தில் வறியோர் 2.20 விழுக்காட்டினர், அப்போது இந்தியா முழுமைக்குமான அளவு 14.96. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையோ, அந்த ஓராண்டில் இங்கே 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகக் கூறுகிறது. ஒரு லட்சம் பேருக்கு 25.9 என்ற அந்த விகிதம் நாட்டின் சராசரியான 12.4ஐப் போல இரு மடங்குக்கும் மேல். மரணத்தைப் பதிவு செய்யும் ஒழுங்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும், முதல் இரண்டு எண்களை மட்டும் படிப்பவர் மூன்றாவதை ஒருநாளும் ஊகித்திருக்க முடியாது.

ஒரு மாநில அரசு தன் மக்களின் நல்வாழ்வை நேரடியாக அளந்து, அதன்படி பணத்தைப் பங்கிட முன்வந்தால் எந்த முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி. இதைச் சொல்லளவில் நிறுத்தாமல் அரசு நிருவாகத்துக்குள் கொண்டுசென்ற நாடுகள் சிலவே. அவற்றுள் பிரிட்டன், மக்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டு அதன் விடையைப் பவுண்டாக மாற்றுகிறது. பூட்டான், ஒவ்வொருவருக்கும் எதெது போதிய அளவில் இருக்கிறது என்று எண்ணுகிறது. நியூசிலாந்து, ஒற்றை எண் எதையும் ஏற்காமல் பல அளவுகளை ஒரே பலகையில் விரித்து வைக்கிறது. மூன்றையும் சம எடையில் நிறுத்த எனக்கு மனமில்லை. பூட்டானின் எண்ணும் முறையே நமக்கு ஏற்றது என்பது என் முடிவு. ஆனால் பூட்டான் அந்த முறையின் தலையில் ஏற்றிவைத்த ஒரு பாரத்தை இறக்கிய பிறகுதான் அதை எடுத்துக்கொள்ள முடியும். அந்தப் பாரம் எது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

உற்பத்திக் கணக்கே போதாதா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான விடை உண்டு. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. பொருளாதாரக் கணக்கேட்டில் அது போக்குவரத்துக் கழகத்தின் வருவாய் இழப்பாகவும், அதை ஈடுகட்டும் அரசு மானியமாகவும் பதிவாகும். வீட்டில் யாரிடமும் சில்லறை கேட்காமல் கிளம்பி, ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வேலைக்கோ தாய்வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ ஒரு பெண் போய்வர முடிகிறது என்பதற்கு அந்த ஏட்டில் பத்தியே இல்லை. வருமானம் உயர்ந்தால் மகிழ்ச்சியும் அதே அளவில் உயர்ந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கையை 1974இல் அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் கேள்விக்குள்ளாக்கினார்: ஒரு நாட்டுக்குள் பணக்காரர் ஏழையைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார், ஆனால் நாடு முழுவதும் பணக்கார நாடாக மாறும்போது மொத்த மகிழ்ச்சி அதற்கேற்ப உயரவில்லை. அவர் கண்டது சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதன் முடிவு எதுவானாலும், அந்தப் பேருந்தில் ஏறிய பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்பதை அறிய அவரைத்தான் கேட்டாக வேண்டும்.

பிரிட்டன் செய்தது அதைத்தான். 2010 நவம்பரில் அன்றைய பிரதமர் டேவிட் கேமரூன் தேசிய நல்வாழ்வை அளக்கும் திட்டத்தை அறிவித்தார். 2011 ஏப்ரல் முதல் அந்நாட்டின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் தன் பெரிய குடும்பக் கணக்கெடுப்பில் நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டு வருகிறது. மொத்தத்தில் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு மனநிறைவு கொண்டுள்ளீர்கள், நீங்கள் செய்பவை எவ்வளவு பொருளுடையவை என்று நினைக்கிறீர்கள், நேற்று எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள், நேற்று எவ்வளவு பதற்றமாக இருந்தீர்கள் என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து பத்துவரை மதிப்பெண். நான்கு கேள்விகளுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் போதும். ஏற்கெனவே நடக்கும் கணக்கெடுப்பில் ஒட்டிக்கொள்வதால் செலவும் சொற்பம்.

கேட்டதோடு நிற்காமல் விடையைக் கணக்கில் ஏற்றிய படி 2021இல் வந்தது. அரசுத் திட்டங்களை மதிப்பிடுவதற்கான பிரிட்டன் நிதித்துறையின் வழிகாட்டி நூலுக்கு ஒரு துணை வழிகாட்டி வெளியாகி, ‘வெல்பி’ என்ற அலகை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. ஒருவருடைய வாழ்க்கை மனநிறைவு ஓராண்டுக்கு ஒரு புள்ளி உயர்ந்தால் அது ஒரு வெல்பி. அதன் மதிப்பு 2019ஆம் ஆண்டு விலையில் 13,000 பவுண்டு, கீழ் எல்லை 10,000, மேல் எல்லை 16,000. ஒரு நூலகத்தைத் திறந்து வைப்பதா, ஒரு சாலையை அகலப்படுத்துவதா என்ற கேள்வியில் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த இது வழி செய்கிறது. மனநலச் சிகிச்சைக்கு இத்தகைய சிந்தனை எவ்வளவு உதவியது என்பதை மறுக்க முடியாது. பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டும் உளவியலாளர் டேவிட் கிளார்க்கும் முன்வைத்த வாதத்தின் பேரில், 2008 முதல் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்குமான பேச்சுவழிச் சிகிச்சை பெரிய அளவில் விரிவாக்கப்பட்டது. உடைந்த காலுக்குக் கிடைக்கும் கவனம் உடைந்த மனத்துக்கும் கிடைக்க வேண்டும் என்று மனிதநேயத்தின் பேரில் பலர் நெடுங்காலமாக மன்றாடியிருந்தனர். நிதித்துறையை அசைத்ததில் கணக்குக்கும் பெரும் பங்கு உண்டு. தற்கொலை எண்ணிக்கை இவ்வளவு உயர்ந்த ஒரு மாநிலத்தில் இருந்துகொண்டு நான் இதை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனாலும் ஒரு கேள்வியின் விடையைப் பணமாக மாற்றுவதில் எனக்கு ஆழ்ந்த தயக்கம் உண்டு. அந்தத் தயக்கம் பிறந்த இடம் வங்காளம். பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில், கைம்பெண்களிடமும் மனைவியை இழந்த ஆண்களிடமும் அவர்களது உடல்நலம் பற்றிக் கேட்கப்பட்டது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தமக்கு நோய் அல்லது சுமாரான உடல்நிலை என்றார்கள். கைம்பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர். அன்றைய வங்கத்தில் ஒரு கைம்பெண்ணுக்குக் கிடைத்த உணவையும் மருத்துவத்தையும் அறிந்த எவரும், அந்தப் பெண்கள் ஆண்களைவிட நலமாக இருந்தார்கள் என்று நம்ப மாட்டார்கள். அமர்த்தியா சென் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி நமக்குச் சொன்னது, நீண்ட காலம் இல்லாமையில் வாழ்பவர் தம் எதிர்பார்ப்பையே சுருக்கிக்கொள்கிறார் என்பது. இதையொட்டி அவர் காட்டிய இன்னொரு முரணும் உண்டு: ஆயுள் நீண்டு, மருத்துவமும் கல்வியும் பரவியிருக்கும் கேரள மக்கள் தமக்கு நோய் இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள்; அவை குறைவாக உள்ள பீகார் மக்கள் குறைவாகச் சொல்கிறார்கள். விடையை மட்டும் நம்பினால் மருத்துவமனையைக் கேரளத்தில் கட்ட நேரும்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு இன்னும் இரு சிக்கல்கள் உண்டு. ‘போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து’ என்று கேட்டு வளர்ந்தவர்களிடம், அதிலும் குறை சொன்னால் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்ததாகும் என்று கற்பிக்கப்பட்ட பெண்களிடம், பத்துக்கு எத்தனை என்று கேட்டால் வரும் எண் அவர்களுடைய பொறுமையின் அளவாகவே இருக்கக்கூடும். இதற்கு நேரெதிராக, வசதியாக வாழும் ஒருவர் ‘கண்பட்டுவிடும்’ என்று அஞ்சி ‘ஏதோ போகிறது’ என்று சொல்லி ஐந்தில் நிறுத்திக்கொள்வார். முதலாமவர் உயர்த்திச் சொல்கிறார், இரண்டாமவர் தாழ்த்திச் சொல்கிறார். சராசரியில் இருவரும் அருகருகே வந்து நிற்கிறார்கள். கேள்வி எந்த வரிசையில் வருகிறது என்பதுகூட விடையை மாற்றும். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக் காலத்தின் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன், வாழ்க்கை பற்றிய கேள்விக்கு முன் அரசியல் கேள்வியைக் கேட்டதால் மட்டும் ஏற்பட்ட சரிவு, அந்த நெருக்கடியே ஏற்படுத்திய சரிவைவிடப் பெரியது என்று கண்டார். தேர்தல் காலத்தில் இங்கே ஒரு கணக்கெடுப்பாளர் வாசலில் வந்து நின்றால் என்ன ஆகும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

சராசரி பெரிதாக அசையாது என்பதும் நடைமுறைக் குறை. பிரிட்டனின் வாழ்க்கை மனநிறைவுச் சராசரி 2020 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 7.66, கொரோனா தாண்டவமாடிய அடுத்த ஆண்டில் 7.39. ஒரு தலைமுறையே கண்டிராத பேரிடர் கால் புள்ளியைத்தான் நகர்த்தியது என்றால், ஒரு மாவட்டத்தில் தொடங்கும் ஒரு சிறு திட்டத்தின் தடம் அந்த எண்ணில் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆண்டுதோறும் செய்தித்தாள்கள் பரபரப்பாக வெளியிடும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசைக்கும் இது பொருந்தும். பின்லாந்து 2018 முதல் தொடர்ந்து முதலிடத்தில் இருப்பதும், 2025இல் இந்தியா 118ஆம் இடத்தில் இருந்ததும், வாழ்க்கையை ஓர் ஏணியாகக் கற்பனை செய்து எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்கும் ஒரே கேள்வியின் சராசரியிலிருந்து வருபவை. இந்தியா போன்ற நாட்டில் சில ஆயிரம் பேரிடம் கேட்டுப் பெறும் அந்த எண்ணைக்கொண்டு ஒரு மாநிலத்தைப் பற்றி எதையும் முடிவு செய்யக்கூடாது.

இனி பூட்டான். நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1970களில் சொன்ன ‘மொத்த தேசிய மகிழ்ச்சி’ என்ற தொடர், சுற்றுலாத் துண்டறிக்கைகளில் அடிபட்டு அடிபட்டுத் தன் கூர்மையை இழந்துவிட்டது. அந்தத் தொடரைவிட அதன் பின்னால் கட்டப்பட்ட அளவீட்டு முறைதான் மதிப்புடையது. 2008ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் உறுப்பு, மொத்த தேசிய மகிழ்ச்சியை நாடுவதற்கான சூழலை உருவாக்க அரசு பாடுபட வேண்டும் என்கிறது. அதற்கேற்ப மன நலம், உடல்நலம், நேரப் பயன்பாடு, கல்வி, பண்பாடு, நல்லாட்சி, சமூக உறவு, சுற்றுச்சூழல், வாழ்க்கைத் தரம் என ஒன்பது துறைகள் வகுக்கப்பட்டு, அவற்றின் கீழ் 33 அளவுகள் வைக்கப்பட்டன. ஒன்பது துறைகளுக்கும் சம எடை.

இதில் சராசரிக்கு இடமில்லை. ஒவ்வோர் அளவுக்கும் ‘இது போதும்’ என்று ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் அந்தக் கோட்டை எட்டியிருந்தால் எட்டியவர். கோட்டுக்கு மேல் எவ்வளவு குவித்துவைத்திருந்தாலும் கூடுதல் மதிப்பெண் கிடையாது. பணம் கோடு தாண்டிக் கொட்டிக்கிடப்பது, தூக்கம் கோட்டுக்குக் கீழே கிடப்பதை ஈடுகட்டாது. எடையிட்டுக் கூட்டும்போது 66 விழுக்காடும் அதற்கு மேலும் போதுமை பெற்றவரை மகிழ்ச்சியாளர் எனக் கொள்கிறார்கள். 50க்குக் கீழே இருப்பவர் மகிழ்ச்சியற்றவர். 2010இல் மகிழ்ச்சியாளர் 40.9 விழுக்காடு, 2015இல் 43.4; 11,052 பேரிடம் எடுத்த 2022ஆம் ஆண்டுக் கணக்கில் 48.1. மகிழ்ச்சியற்றவர் 6.4 விழுக்காடு. இந்த முறையின் அடித்தளம், பல்பரிமாண வறுமையை அளக்கப் பொருளியலாளர்கள் சபீனா அல்கையரும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும் உருவாக்கிய எண்ணல் முறைதான். நிதி ஆயோக் நமக்குச் சொல்லும் அந்த 2.20 விழுக்காடும் அதே பட்டறையில் செய்யப்பட்டது. ஆகவே நம் அதிகாரிகளுக்கு இது புதிய கணிதம் அல்ல.

எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம், தொகுத்த எண்ணைப் பிரித்துப் பார்க்க முடிவதுதான். 2015ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண்களில் 51 விழுக்காட்டினரும் பெண்களில் 39 விழுக்காட்டினரும் மகிழ்ச்சியாளர். இந்த இடைவெளி எந்தத் துறையில் விழுகிறது, எந்த மாவட்டத்தில் அகலமாக இருக்கிறது என்பதை அதே கணக்கிலிருந்து எடுக்கலாம். நேரப் பயன்பாட்டுத் துறையில் எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேரத் தூக்கம் என இரு கோடுகள் உள்ளன. குழந்தையைப் பார்த்துக்கொள்வது போன்ற கூலியற்ற உழைப்பும் அங்கே வேலை நேரத்தில் சேரும். இந்த ஒன்றை மட்டும் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தாலே போதும் என்று சில சமயம் நினைப்பேன். இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்டது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். வேலைக்கும் போய்வந்து அந்த 289 நிமிடத்தையும் சுமக்கும் ஒரு பெண், ‘உங்கள் வாழ்க்கையில் மனநிறைவு எவ்வளவு’ என்ற கேள்விக்கு ஏழு என்று சொல்லிவிட்டுப் போகலாம். தூக்கம் ஐந்தரை மணி நேரம் என்பது அவரால் மழுப்ப முடியாத விடை. சிங்கூர்க் கைம்பெண்களின் மௌனத்தை உடைக்கக்கூடிய கேள்வி இத்தகையதுதான்.

பூட்டான் ஏற்றிவைத்த பாரம் என்று சொன்னதை இங்கே பேச வேண்டும். பண்பாட்டுத் துறையின் அளவுகளுள் ஒன்று ‘திரிக்லம் நம்ஷா’ எனப்படும் மரபு ஒழுக்க நெறி. உடை, நடை, மரியாதை முறைகளை வகுக்கும் அந்த நெறி 1989இல் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்டது. தெற்கே வாழ்ந்த நேபாளி மொழி பேசும் லோட்ஷம்பா மக்கள், தங்களுக்கு உரியதல்லாத உடையை அணிய வேண்டியதாயிற்று. பள்ளிகளிலிருந்து நேபாளி மொழி நீக்கப்பட்டது. குடியுரிமைக் கணக்கெடுப்பின் பெயரால் பலர் அயலார் என முத்திரை குத்தப்பட்டனர். 1990களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாளத்தின் முகாம்களில் போய்ச் சேர்ந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே கிடந்த பிறகு, பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். யாரை வெளியேற்ற ஒரு நெறி கருவியாயிற்றோ, அந்த நெறியே மகிழ்ச்சியின் அளவுகளுள் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. வெளியேற்றப்பட்டவர்களோ எந்த ஆண்டுக் கணக்கெடுப்பிலும் கேட்கப்படவில்லை. அகதிகளைப் பற்றி நன்கறிந்த ஒரு மொழியில் இதை எழுதிக்கொண்டு, அதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிட்டுப் போக என்னால் இயலாது.

முறையையே தூக்கி எறிய இது காரணமாகுமா? ஆகாது என்பது என் எண்ணம். கோடு கிழித்து எண்ணுவது என்ற உத்தி வேறு, எந்தெந்தக் கோடு என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது வேறு. தவறு இரண்டாவதில் நடந்தது. எல்லோரும் எப்படி வாழ வேண்டும் என்று விதிக்கும் அளவுகளை நீக்கிவிட்டு, எவருக்கும் இல்லாமல் போகக்கூடாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் எண்ணும் உத்தி பழுதின்றி நிற்கும். பூட்டானிலேயே இன்னொரு வரம்பும் வெளிப்பட்டிருக்கிறது: குறியீடு உயர்ந்த அதே 2022இல் இளைஞர் வேலையின்மை 28.6 விழுக்காட்டில் இருந்தது. படித்த இளைஞர்கள் பெருந்தொகையாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 33 அளவுகளின் கூட்டுத்தொகை, இருபத்திரண்டு வயதில் வேலையில்லாமல் இருப்பதன் வலியைக் கரைத்துவிடக்கூடும். கூட்டுத்தொகையை அறிவிப்பதைவிட வயதுவாரியாகப் பிரித்த எண்களை அறிவிப்பதை அரசுக்குக் கடமையாக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

நியூசிலாந்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. அதன் நிதித்துறை 2011 முதலே ‘வாழ்க்கைத் தரச் சட்டகம்’ ஒன்றை வைத்திருந்தது. 2018 டிசம்பரில் பன்னிரண்டு நல்வாழ்வுத் துறைகளையும் நான்கு வகை மூலதனங்களையும் காட்டும் அளவீட்டுப் பலகை வெளியானது. 2019 மே 30 அன்று ஜசிந்தா ஆர்டெர்ன் அரசின் நிதியமைச்சர் கிராண்ட் ராபர்ட்சன் ‘நல்வாழ்வு வரவு-செலவுத் திட்டம்’ என்ற பெயரில் நிதிநிலை அறிக்கையை முன்வைத்து, மனநலத்துக்கு மட்டும் 190 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கினார். உலகமே அதைப் பாராட்டியது. ஒற்றை எண் வேண்டாம், எடைகளை வல்லுநர்கள் இரகசியமாக முடிவு செய்ய வேண்டாம், எல்லாவற்றையும் மக்கள் முன் வைப்போம் என்ற நேர்மை அதில் இருந்தது. ஆனால் பலகையில் அளவு காட்டும் முள்கள் ஐம்பது அறுபது இருக்கும்போது, எந்த அமைச்சகமும் தனக்குச் சாதகமான முள்ளைக் காட்டித் தன் திட்டத்துக்கு நல்வாழ்வு என்று பெயரிட்டுக்கொள்ளலாம். இரண்டு முள்கள் எதிரெதிரே நகரும்போது எதைப் பின்பற்றுவது என்று பலகை சொல்லாது. 2023 அக்டோபர் தேர்தலில் ஆட்சி மாறியபின் அடுத்த நிதிநிலை அறிக்கையின் தலைப்பிலிருந்து நல்வாழ்வு என்ற சொல் போய்விட்டது.

அங்கே நிலைத்து நின்றது வேறொன்று. 2018ஆம் ஆண்டுக் குழந்தை வறுமைக் குறைப்புச் சட்டம், அரசு மூன்றாண்டு இலக்கையும் பத்தாண்டு இலக்கையும் அறிவித்தே தீர வேண்டும் என்றும், அவை எட்டப்பட்டனவா என்பதை அந்நாட்டின் புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. பலகையை விட்டுவிட்டு இந்தச் சட்டத்தின் வடிவத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மாறான எடுத்துக்காட்டு இந்தியாவிலேயே உண்டு. 2016இல் மத்தியப் பிரதேசம் நாட்டிலேயே முதன்முறையாக மகிழ்ச்சிக்கெனத் தனித் துறை தொடங்கியது. துறை முதலில் வந்தது. எந்த இலக்குக்கு அது பொறுப்பு என்று சட்டப்படி கேட்க எவருக்கும் வழி வைக்கப்படவில்லை.

ஆக, தமிழ்நாட்டு மாநிலத் திட்டக்குழுவின் மேசையில் இந்த மூன்றும் இருந்தால் நான் கேட்பது இது. நிதிப் பங்கீட்டுக்கு எண்ணும் முறை. தூக்கம், வேலை நேரம், தானே முடிவெடுத்துச் செலவிடக்கூடிய பணம், ஆபத்தில் நள்ளிரவிலும் அழைக்கக்கூடிய ஒரு மனிதர், வீட்டுக்குள்ளும் தெருவிலும் அச்சமின்மை, மனநல மருத்துவரை எட்டும் தொலைவு என எவருக்கும் இல்லாமல் போகக்கூடாத பன்னிரண்டோ பதினைந்தோ கோடுகள். அந்தக் கோடுகளைச் சென்னையில் அமர்ந்து கிழிக்காமல், கிராம சபைகளிலும் நகர வார்டுகளிலும் விவாதித்துத் திருத்தியபின் ஏற்க வேண்டும். பிரிட்டனின் நான்கு கேள்விகளும் அதே படிவத்தின் தொடக்கத்தில், எந்த அரசியல் கேள்விக்கும் முன்னதாக, இடம்பெறலாம். அவற்றின் விடையை ரூபாயாக மாற்றக்கூடாது. கோடுகளை எல்லாம் எட்டியும் பதற்றம் எட்டு என்று சொல்பவர்கள் ஒரு வட்டாரத்தில் கூடுதலாக இருந்தால், நாம் கிழிக்க மறந்த கோடு ஒன்று அங்கே இருக்கிறது என்று பொருள். கோடுகளில் பாதியைக்கூட எட்டாமல் மனநிறைவு எட்டு என்று சொல்பவர்கள் கூடுதலாக இருந்தால், அந்த எட்டைக் காட்டி ஒதுக்கீட்டைக் குறைப்பது அநீதி.

செலவு ஒரு தடை என்று சொல்வார்கள். 38 மாவட்டங்களில் மாவட்டத்துக்கு 600 பேர் என்றால் 22,800 பேர். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் மட்டும் 25,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நேர்காணல் நடந்திருக்கிறது. ஆகவே இயலாத அளவு அல்ல. அந்த ஆய்விலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுங்கும் ஒன்றுண்டு. குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளை அதில் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம், வேறு எவரும் அருகில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின்பே கேட்பார்கள். தனிமை கிடைக்காவிட்டால் கேட்காமலே திரும்பிவிடுவார்கள். நல்வாழ்வுக் கேள்விகளுக்கும் அதே விதி வேண்டும். மாமியாரும் கணவரும் திண்ணையில் அமர்ந்திருக்க ஒரு பெண் சொல்லும் ஏழு, அவர்களுக்காகச் சொல்லப்பட்ட ஏழு.

இன்னொன்றைக் கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். மாதிரியைக் குடும்ப அட்டைப் பட்டியலிலிருந்தோ வாக்காளர் பட்டியலிலிருந்தோ எடுத்தால் வேலை எளிது. ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூர் பின்னலாடை ஆலைகளின் விடுதிகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் தங்கியிருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டியல்களில் இல்லை. மறுவாழ்வு முகாம்களில் வாழும் 50,000க்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை. அந்த முகாம்களிலேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். ஆகவே மாதிரியை வாழும் இடத்தை வைத்து எடுக்க வேண்டும், வைத்திருக்கும் அட்டையை வைத்து எடுக்கக்கூடாது. மண்டபம் முகாமின் வரிசை வீடுகளும் திருப்பூரின் ஆலை விடுதிகளும் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளிப்போடப்படாமல் முதல் சுற்றிலேயே பட்டியலில் இருக்க வேண்டும். இந்தி, ஒடியா பேசும் கணக்கெடுப்பாளர்களை அதற்காக இப்போதே தேடத் தொடங்க வேண்டும்.